பத்தாவது முடிந்து ப்ளஸ் ஒன்: பள்ளியின் கடைசி சர்க்குலரில் எதைப் பார்க்கணும், எதைக் கேட்கணும்

ஏப்ரல் வந்தால் பள்ளியிலிருந்து ஒரு சர்க்குலர் வரும். எங்கள் பையன் பள்ளியில் அது வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ சாய்வாக எடுத்த படமாகத்தான் வருகிறது, கட்டைவிரல் நிழல் விழுந்து கடைசி வரி தெரியாது. ஆண்டு விழாவுக்கு வந்தவர்களுக்கு நன்றி, பாக்கிக் கட்டணம், விடுமுறை, பள்ளி திறக்கும் நாள், சீருடைத் துணி எங்கே கிடைக்கும் என்று ஒரு பக்கத்துக்கு ஓடும். அதற்கு நடுவில் இரண்டே வரி: "மேல்நிலை முதலாம் ஆண்டு பாடப்பிரிவு விருப்பப் படிவத்தை இன்ன தேதிக்குள் அலுவலகத்தில் ஒப்படைக்கவும்." அந்த இரண்டு வரியைத்தான் நாம் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். போன வருடம் நானும் அப்படித்தான் போனேன், தேதி முடிய ஒரு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மா கேட்ட பிறகுதான் ஓடினேன்.

இது பத்தாவது முடிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாவுக்கும், ப்ளஸ் ஒன் முடித்து ப்ளஸ் டூ போகிறவர்களின் வீட்டுக்கும், அதாவது தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கிறவர்களுக்கு. நான் ஆசிரியர் கிடையாது. என் அக்கா மகள் 2018 மார்ச்சில் ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு எழுதிய முதல் கூட்டத்தில் இருந்தாள், என் பையன் அந்தப் பொதுத்தேர்வு இல்லாமல் போன முதல் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான். இரண்டு முனையையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற ஒரே தகுதிதான்.

என்னவெல்லாம் மாறியது, சுருக்கமாக

வீட்டில் பெரியவர்கள் சொல்லும் கணக்கும் இப்போதைய கணக்கும் ஒத்துப்போகாது, அதனால் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 1978-ல் கல்லூரியில் இருந்த பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பை எடுத்துவிட்டுப் பள்ளியிலேயே ப்ளஸ் டூ வந்தது, முதல் கூட்டம் 1980 மார்ச்சில் தேர்வு எழுதியது. அப்புறம் ரொம்ப காலம் 1200 மதிப்பெண்தான், ஆறு பாடம், ஒவ்வொன்றுக்கும் 200. "உன் வயசுல நான் 1050 வாங்கினேன்" என்று மாமா சொல்வது அந்தக் கணக்கு. 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தினார்கள். அதே வருடம் மே மாதத்தில் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு என்ற அறிவிப்பு வந்தது, பாடத்துக்கு 100 என்று ஆறு பாடத்துக்கு 600 ஆனது. ப்ளஸ் ஒன் 600, ப்ளஸ் டூ 600, இரண்டும் சேர்ந்து 1200 என்றுதான் முதலில் சொன்னார்கள். 2018 செப்டம்பரில் அதை மாற்றி, மேற்படிப்புக்கு ப்ளஸ் டூவின் 600 மட்டும் போதும் என்றார்கள். ஒரு வருடம் முழுக்க "இதுவும் கணக்கில் சேரும்" என்று பயந்து படித்த என் அக்கா மகளுக்கு அன்று வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. மொழிப்பாடத்தில் இரண்டு தாள் இருந்ததும் அந்தச் சமயத்தில்தான் ஒரே தாளானது, புதுப் பாடப்புத்தகமும் 2018-ல் ப்ளஸ் ஒன்னுக்கும் 2019-ல் ப்ளஸ் டூவுக்கும் வந்தது.

அப்புறம் 2025 ஆகஸ்ட் 8, ஓய்வுபெற்ற நீதிபதி முருகேசன் தலைமையிலான குழு கொடுத்த அறிக்கையை வைத்து மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. அதில் நம் வீட்டுக்கு நேரடியாக வந்த செய்தி ஒன்றுதான்: 2025-26 கல்வியாண்டிலிருந்து ப்ளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆன நிலையில் வந்த அறிவிப்பு. அன்று சாயங்காலம் பையன் பையைக்கூட கழற்றாமல், "அப்பா, லெவன்த்துக்கு பப்ளிக் இல்லையாம்" என்று சொன்னபோது அவன் முகத்தில் இருந்தது தீபாவளிக்கு முந்தின நாள் முகம்.

எனக்கும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. பத்தாவது, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது எந்தப் பிள்ளைக்கும் அதிகம். ஆனால் ப்ளஸ் ஒன்னுக்குத் தேர்வு வைத்தது ஏன் என்பதை நாம் மறந்துவிட்டோம். பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே இரண்டு வருடமும் ப்ளஸ் டூ புத்தகத்தையே உருப்போட வைத்தன, மதிப்பெண் குவிந்தது, அதே பிள்ளைகள் இன்ஜினியரிங் முதல் வருடக் கணக்கில் அரியர் வைத்தார்கள். அந்த ஓட்டையை அடைக்கத்தான் தேர்வு வந்தது. இப்போது தேர்வு போய்விட்டது, ஓட்டை இருந்த இடத்தில்தான் இருக்கிறது, காவலுக்கு நிற்க வேண்டியது வீடு. இதை எப்படிச் செய்வது என்று பின்னால் சொல்கிறேன், அதற்கு முன்னால் குரூப், அதாவது அந்தப் படிவம் கேட்கிற பாடப்பிரிவு.

குரூப்பைப் பின்பக்கத்திலிருந்து பிடியுங்கள்

"என்ன குரூப் எடுக்கப் போறே?" என்று பிள்ளையைக் கேட்டால் அது நண்பன் எடுக்கிற குரூப்பைச் சொல்லும், நம்மைக் கேட்டால் நாம் பக்கத்து வீட்டைப் பார்த்துச் சொல்வோம். ப்ளஸ் டூ முடிந்து போகக்கூடிய கதவுகள் என்னென்ன, ஒவ்வொரு கதவும் எந்தப் பாடத்தின் மதிப்பெண்ணைக் கேட்கிறது என்று கடைசியிலிருந்து ஆரம்பித்தால் வேலை சுலபம்.

இன்ஜினியரிங் போவதென்றால் கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்று மட்டும்தான் கணக்கு. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நுழைவுத்தேர்வு 2007-லிருந்தே இல்லை. தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளும் கட்ஆஃப் மதிப்பெண் 200-க்கு: கணிதம் 100 அப்படியே, இயற்பியலில் வாங்கியதில் பாதி, வேதியியலில் வாங்கியதில் பாதி. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் கணிதம் 96, இயற்பியல் 88, வேதியியல் 90 வாங்குகிறாள், 96 + 44 + 45, ஆக 185. இன்னொரு பையன் கணிதம் 88, இயற்பியல் 96, வேதியியல் 98, அவனுக்கும் 88 + 48 + 49, அதே 185. மூன்று பாடக் கூட்டலில் பையன் 282, பெண் 274, ஆனாலும் தரவரிசையில் பெண்தான் முன்னால் நிற்பாள், ஏனென்றால் கட்ஆஃப் சமமானால் முதலில் பார்ப்பது கணித மதிப்பெண்ணை. பத்தாவதில் கணக்கு நடுக்கம், அறிவியல் மட்டும் பிரமாதம் என்று இருக்கிற பிள்ளையை இன்ஜினியரிங்குக்கென்றே கணித குரூப்பில் தள்ளுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்க்கலாம்.

எம்.பி.பி.எஸ். வேறு கதை. நீட் மதிப்பெண்தான் எல்லாம், ப்ளஸ் டூ மதிப்பெண் தகுதிக்கு மட்டும். நீட்டில் 720-க்கு உயிரியல் பாதி, 360. கால்நடை மருத்துவத்துக்கு ப்ளஸ் டூ மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கிறார்கள், அங்கே உயிரியலுக்கு 100, இயற்பியல் வேதியியலுக்கு 50, 50. வேளாண்மை, பி.எஸ்ஸி. நர்சிங், பி.பார்ம் மாதிரி படிப்புகளுக்கும் இதுவரை ப்ளஸ் டூ மதிப்பெண்தான் பேசியது. டாக்டர் இல்லையென்றால் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிற வீடுகளில் இந்தப் பட்டியலை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைக்கணும்.

இப்போது குரூப்புக்கு வருவோம். கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால் இன்ஜினியரிங், மருத்துவம் இரண்டு கதவும் திறந்திருக்கும், அதனால்தான் எல்லோரும் அதற்கு நிற்கிறார்கள். ஆனால் அதற்கு விலை உண்டு: உயிரியல் என்று ஒரு பேர்தான், உள்ளே தாவரவியல் ஒரு புத்தகம், விலங்கியல் ஒரு புத்தகம், எழுத்துத் தேர்வின் 70 மதிப்பெண் 35, 35 என்று இரண்டாகப் பிரியும், கூடவே கணிதம். டாக்டர் ஆசை நிஜமாகவே இல்லாத பிள்ளைக்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று உயிரியலைக் கட்டிவிடுவது இரண்டு வருடம் முதுகில் கல் மூட்டை. கணினி அறிவியல் குரூப் அவர்களுக்கு இன்னும் பொருத்தம். மருத்துவம் அல்லது அது சார்ந்த படிப்புதான் என்று முடிவாகத் தெரிந்த, கணக்கு என்றால் வயிறு கலங்குகிற பிள்ளைக்குத் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடமாக உள்ள ப்யூர் சயின்ஸ். அதை எடுத்தால் இன்ஜினியரிங் கதவு மூடிவிடும் என்பதைப் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு தெரியாது என்று சொல்லக் கூடாது.

வணிகவியல் குரூப்பைப் பற்றி நம்மூரில் ஒரு இளக்காரம் இருக்கிறது, மதிப்பெண் வராதவர்கள் போகும் இடம் என்று. நான் வேலை பார்க்கிற இடத்தில் ஆடிட்டருக்கு எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், அதற்கு மேல் என்ன சொல்ல. இங்கே கவனிக்க வேண்டியது நாலாவது பாடம்: கணக்குப்பதிவியல், வணிகவியல், பொருளியல் மூன்றும் பெரும்பாலும் பொது, அதோடு கணினிப் பயன்பாடுகளா, வணிகக் கணிதமா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். சி.ஏ. யோசனை இருந்தால் வணிகக் கணிதமும் புள்ளியியலும் கைகொடுக்கும். வணிகக் கணிதம் வேறு, கணிதம் வேறு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பெயரில் கணிதம் இருக்கிறதே என்று கல்லூரி விண்ணப்பத்தில் போய் நின்று திரும்பியவர்கள் உண்டு. கலைப்பிரிவு, தொழிற்கல்வி இரண்டும் எல்லாப் பள்ளியிலும் இருக்காது, வேண்டுமென்றால் பள்ளியை மாற்றத் தயாராக இருக்கணும். தொழிற்கல்விப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடு இருக்கிறது, பல பேருக்குத் தெரியாது.

மொழியைப் பற்றி ஒன்று. ப்ளஸ் ஒன்னில் தமிழை விட்டுவிட்டு பிரெஞ்சு எடுக்கச் சொல்லி சில பள்ளிகளில் ஜாடையாக ஆலோசனை வரும், "சென்டம் ஈஸி சார்" என்பார்கள். 600-ல் அது சேரும், கட்ஆஃபில் எங்கேயும் சேராது. பாடம் படிக்கும் வழியையும் யோசியுங்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது, ஆனால் பள்ளி முதல் பட்டம் வரை அந்த வேலைக்குக் கேட்கிற படிப்பு எல்லாம் தமிழ் வழியில் இருக்கணும். ப்ளஸ் ஒன்னில் இங்கிலீஷ் மீடியம் மாறினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். மாறவே கூடாது என்று சொல்லவில்லை, அறுப்பது தெரிந்து அறுங்கள்.

அதே மாதிரி அரசுப் பள்ளியிலிருந்து "ப்ளஸ் ஒன்னுக்கு மட்டும் பிரைவேட்" என்று மாற்றும் யோசனை இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குத்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020-லிருந்து, இன்ஜினியரிங், வேளாண்மை, கால்நடை, சட்டத்தில் 2021-லிருந்து. இன்ஜினியரிங்கில் அப்படிச் சேருகிறவர்களின் கல்லூரிக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசு கட்டுகிறது. கல்லூரி போனபின் மாதம் 1000 ரூபாய் வருகிற புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் இந்த ஆறு முதல் பன்னிரண்டு கணக்கைத்தான் பார்க்கின்றன. கடைசி இரண்டு வருடத்துக்கு லட்ச ரூபாய் கட்டி இத்தனையையும் இழப்பது சில வீட்டில் சரியாகக்கூட இருக்கலாம், ஆனால் கால்குலேட்டரை எடுத்துத் தட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அலுவலகத்தில் நின்று கேட்க வேண்டியவை

படிவம் கொடுக்கப் போகும்போது வெறுமனே கொடுத்துவிட்டு வராதீர்கள். எந்த குரூப்புக்கு எந்தப் பாடத்துக்கு முழுநேர ஆசிரியர் இருக்கிறார், எந்த இடம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள். இயற்பியலுக்கு ஆள் இல்லாத பள்ளியில் ஃபர்ஸ்ட் குரூப் எடுத்து என்ன பண்ண? ஆய்வகம் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள், கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். பத்தாவது முடிவு வருவதற்கு முன்பே திருப்புதல் தேர்வு மதிப்பெண்ணை வைத்து இடம் கொடுக்கிற பள்ளியென்றால், முடிவு வேறு மாதிரி வந்தால் குரூப் மாறுமா, கட்டிய பணம் திரும்புமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஒரு பள்ளியில் "பேசிக்கலாம் சார்" என்றார்கள், ஜூன் மாதம் போனபோது பேச யாரும் இல்லை.

சேர்ந்தபின் குரூப் ஒத்துவரவில்லையென்றால் முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் மாற்றிவிடணும். பிள்ளை ராத்திரி சாப்பிடாமல் படுக்கிறது, நோட்டைத் திறந்து வெறித்துப் பார்க்கிறது என்றால் காலாண்டுத் தேர்வு வரை பார்க்கலாம் என்று இழுக்காதீர்கள், அதற்குள் புதுக் குரூப்பில் நான்கு பாடம் ஓடிப்போயிருக்கும்.

தேர்வில்லாத ப்ளஸ் ஒன்னைக் காவல் காப்பது

இதுதான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. என் பையன் வருடத்தில் நான் கண்டுபிடித்தது, கண்டுபிடிக்கத் தாமதித்தது இரண்டையும் சொல்கிறேன்.

பள்ளி திறந்த வாரத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் பொருளடக்கப் பக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் எல்லாம் தொகுதி ஒன்று, தொகுதி இரண்டு என்று இரண்டு புத்தகம். மாதக் கடைசி ஞாயிறு பிள்ளையோடு உட்கார்ந்து, எது நடத்தி முடித்தார்கள், எது பாதி, எது "நீங்களே படிச்சுக்கோங்க" என்று விட்டது என்று பென்சிலில் குறியுங்கள். பத்து நிமிட வேலை. அதட்டாமல் கேட்டால் பிள்ளை உண்மையைச் சொல்லும். எங்கள் வீட்டில் நவம்பர் வரை எல்லாம் டிக், டிசம்பரில் அரையாண்டு, ஜனவரிக் கடைசியில் பார்த்தால் கணிதம் தொகுதி இரண்டில் டிக்கே இல்லை, கேட்டால் "சார் ட்வெல்த் போர்ஷன் ஆரம்பிச்சுட்டார்பா" என்கிறான். பப்ளிக் இல்லை, நேரம் வீணாக வேண்டாம் என்று பள்ளியே முடிவெடுத்துவிட்டது.

அந்த தொகுதி இரண்டில் என்ன இருக்கிறது தெரியுமா? அணிகளும் அணிக்கோவைகளும், வெக்டர் இயற்கணிதம், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், நிகழ்தகவு. ப்ளஸ் டூ புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள். அப்புறம் வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள். பயன்பாடு, பயன்பாடு என்று வரிசையாக நிற்கிறது, எதைப் பயன்படுத்துவது என்பது ப்ளஸ் ஒன்னில் இருக்கிறது. தொகையிடத் தெரியாதவனுக்குத் தொகையிடலின் பயன்பாட்டை நடத்தினால் அவன் எடுத்துக்காட்டுக் கணக்கை மனப்பாடம் செய்வான், வேறென்ன செய்வான்? வேதியியலில் கரிம வேதியியலின் அடிப்படைகள் ப்ளஸ் ஒன்னில், அதில் எலக்ட்ரான் எங்கே நகர்கிறது என்று புரியாதவனுக்கு ப்ளஸ் டூவில் வருகிற வினைகள் எல்லாம் தொலைபேசி எண் மாதிரிதான். கணக்குப்பதிவியலும் இப்படித்தான்: குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு, இறுதிக் கணக்கு எல்லாம் ப்ளஸ் ஒன், கூட்டாளி சேர்ப்பும் விலகலும் ப்ளஸ் டூ. குறிப்பேட்டில் பற்று எது வரவு எது என்று தடுமாறுகிற பிள்ளை கூட்டாண்மைக் கணக்கில் என்ன செய்யும். நீட், ஜே.இ.இ. எழுதுகிறவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம், பாடத்திட்டத்தில் ஏறக்குறைய பாதி ப்ளஸ் ஒன்னிலிருந்துதான்.

டிக் விழாத பாடங்கள் தெரிந்ததும் என்ன செய்வது? சண்டைக்குப் போகாதீர்கள், போனால் பிள்ளைக்குத்தான் சங்கடம். நாலைந்து பெற்றோர் சேர்ந்து, தேதியும் பாடத்தின் பெயரும் போட்டு, "இந்தப் பாடங்கள் எப்போது நடக்கும் என்று தெரிவிக்கவும்" என்று ஒரே பக்கத்தில் தலைமையாசிரியருக்குக் கடிதம் கொடுத்தோம். காகிதமாகப் போனால் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. பிப்ரவரியில் சாயங்கால வகுப்பு வைத்து நுண்கணிதத்தை ஓட்டினார்கள், அவசர அவசரமாகத்தான், மிச்சத்தை இந்த விடுமுறையில் வீட்டில் பார்க்கிறோம்.

பள்ளி வைக்கிற ப்ளஸ் ஒன் ஆண்டுத் தேர்வின் வினாத்தாள், திருத்திய விடைத்தாள் இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் பாடத்தின் கடைசியில் இருக்கிற புக் பேக் கேள்வி மட்டும் இருந்தால், பிள்ளை 85 வாங்கியிருந்தாலும் நம்பாதீர்கள். 2017-க்குப் பிறகு, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி என்று முன்கூட்டியே சொல்லும் ப்ளூபிரிண்ட் என்ற ஒன்றே கிடையாது, பாடத்தின் உள்ளேயிருந்து எங்கே வேண்டுமானாலும் கேட்பார்கள், "எந்தப் பாடத்தை விட்டால் பரவாயில்லை" என்ற அந்தக்கால வித்தை இப்போது செல்லாது.

ப்ளஸ் ஒன் மதிப்பெண் எதற்கும் உதவாது என்று சொல்கிறவர்களுக்கு 2021 ஞாபகம் இருக்கட்டும். கொரோனாவில் ப்ளஸ் டூ தேர்வு நடக்கவில்லை, பத்தாவதிலிருந்து 50 சதவீதம், ப்ளஸ் ஒன்னிலிருந்து 20, ப்ளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்துத்தான் மதிப்பெண் போட்டார்கள். எது எப்போது கணக்கில் வரும் என்று யாருக்குத் தெரியும்.

ப்ளஸ் டூ போகிறவர்களுக்கு: அந்த 10, அந்த 20

செய்முறை உள்ள பாடத்தில் எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்து 90, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தத்தில் 35, ஆனால் எழுத்தில் 70-க்கு 15-ஆவது, 90-க்கு 25-ஆவது எடுத்தே ஆகணும், செய்முறைத் தேர்வுக்குக் கண்டிப்பாகப் போயிருக்கணும். அகமதிப்பீட்டின் 10 எப்படி வருகிறதென்றால் வருகைக்கு 2, பள்ளித் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, இணைச் செயல்பாடுகளுக்கு 2. எல்லோருக்கும் பத்து போட்டுவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள், வருகை குறைந்தால் குறையும்.

கட்ஆஃபில் அரை மதிப்பெண்ணுக்கு நூற்றுக்கணக்கான பேர் நிற்கிறார்கள், ரெக்கார்டு நோட்டை முடிக்காமல் செய்முறையில் இரண்டு மதிப்பெண் விடுவதைவிட முட்டாள்தனம் கிடையாது. ஜூன் மாதமே பழுப்பு அட்டை போட்டு, செய்த வாரமே எழுதி, கையெழுத்து வாங்கிவிடச் சொல்லுங்கள். பிப்ரவரி செய்முறைத் தேர்வுக்கு முந்தின ராத்திரி வீடு மொத்தமும் உட்கார்ந்து படம் வரைவதைப் பார்த்திருக்கிறேன், என் அக்கா வீட்டில்தான், தவளை வரைந்தது என் மச்சான்.

காகித வேலை

மே மாதம் சும்மா இருக்கும்போது முடிக்க வேண்டியது. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் எடுக்கும்போது பள்ளியில் ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து கேட்பார்கள், பிள்ளை பார்க்காமல் போட்டுவிட்டு வரும். பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும், இனிஷியல், அப்பா அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாவற்றையும் ஆதாரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஒரு "h" கூடுதலாக விழுந்தால்கூட, கல்லூரி, பாஸ்போர்ட் என்று அந்த ஒற்றை எழுத்து பின்னாலேயே வரும்.

பள்ளி மாறுகிறவர்கள் டி.சி. வாங்கும்போது எமிஸ் எண்ணை, அதாவது கல்வித்துறையின் ஆன்லைன் பதிவில் பிள்ளைக்கு உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பழைய பள்ளி எமிஸில் பிள்ளையை விடுவிக்காவிட்டால் புதுப் பள்ளியில் சேர்க்கை ஏறாது, இரண்டு பள்ளியும் ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டு நிற்கும். டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் கொடுப்பதற்கு முன் ஐந்தாறு நகல், போனில் ஒரு ஸ்கேன். சாதிச் சான்றிதழ், குடும்பத்தில் முதல் பட்டதாரியென்றால் அந்தச் சான்றிதழ் இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் ப்ளஸ் டூ ஆரம்பத்திலேயே விண்ணப்பித்துவிடலாம், கல்லூரி விண்ணப்ப சீசனில் போனால் கூட்டம் தெருவில் நிற்கும். வருமானச் சான்றிதழை மட்டும் இப்போது எடுக்காதீர்கள், ஒரு வருடம்தான் செல்லும்.

பத்தாவதில் ஒரு பாடம் போய்விட்டது என்றால் அதற்காக ஒரு வருடம் போகவில்லை, துணைத்தேர்வு உடனே வருகிறது, தேறினால் அதே வருடம் ப்ளஸ் ஒன் சேரலாம். முடிவு வந்த அன்றே பிள்ளையிடம் இதைச் சொல்லிவிடுங்கள், சொந்தக்காரர் போன் வருவதற்கு முன்னால். ப்ளஸ் டூவில் எதிர்பார்த்ததற்கு ரொம்பக் குறைவாக வந்தால் முதலில் விடைத்தாள் நகல் வாங்கி, ஆசிரியர் ஒருவரை வைத்துப் பார்த்து, அப்புறம் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவெடுங்கள். அதற்குக் கொடுக்கிற நாட்கள் கொஞ்சம்தான், அறிவிப்பு வந்த அன்றே பள்ளிக்குப் போய்விடுங்கள்.

விடுமுறையில் ப்ளஸ் டூ புத்தகத்தை ஏப்ரலிலேயே ஆரம்பிக்கச் சொல்லி டியூஷன் சென்டர்கள் துண்டுச்சீட்டு கொடுப்பார்கள். நாங்கள் சேர்க்கவில்லை. காலையில் ஒன்றரை மணி நேரம் ப்ளஸ் ஒன் கணிதம் தொகுதி இரண்டு, பென்சில் டிக் விழாத பாடங்கள் மட்டும், பிறகு அவன் கிரிக்கெட் மட்டையோடு கிளம்பிவிடுகிறான். போன வாரம் வீட்டுக்கு வந்த பழைய பேப்பர்காரரிடம் என் மனைவி ப்ளஸ் ஒன் புத்தகங்களையும் சேர்த்துக் கட்டிப் போட்டிருந்தாள், தராசில் ஏறின பிறகு ஓடிப்போய் எடுத்தேன். அவர் எடை போட்ட கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "வருஷம் முடிஞ்சிருச்சே சார்" என்றார். இன்னும் ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.